மச்சானின் கார் இடப்பக்கம் இழுத்த படலம்

வாழ்க, நாற்சக்கரமும் நேர்வழி நடக்க அருளும் நாயகன்! வாழ்க, கோணல் கண்டால் கொதிப்பவன், சாய்வு கண்டால் சகியாதவன், கிரீஸ் கமழும் மார்பினன், ஸ்பேனர் பற்றிய கையைச் சோறுண்ணும் வேளையிலும் முழுதாக விரிக்க மறந்த வீரன்! பட்டறை என்னும் பாசறையின் கடைக்கோடியில், வீல் அலைன்மென்ட் என்னும் நுண்கலைக்கென்றே வெட்டப்பட்ட குழிக்குள், தலைக்கு மேல் ஊரார் கார்களும் காலுக்குக் கீழ் நேற்றைய எண்ணெயுமாக, சூரியனைக் கார்களின் இடுக்கு வழியாக மட்டுமே கண்டு வாழும் அம்மாவீரனின் வெற்றியையும், அவ்வெற்றியின் ஆயுளையும் உள்ளது உள்ளபடி உரைக்கப் புகுகிறோம். இருமல் உள்ளவர்கள் இப்போதே இருமி முடித்துக்கொள்ளவும்.

ஈன்றோர் இட்ட பெயர் அவனுக்குச் சம்பளச் சீட்டில் மட்டுமே வழங்கிற்று. பட்டறை முழுவதும் அவனைப் பச்சையண்ணன் என்றே அழைத்தது. காரணம் கேளுங்கள். குழியின் மேல் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் கேடயம் போன்ற பலகைகளைப் பூட்டினால், எதிரே தூணில் நிற்கும் கேமராக்கள் அவற்றை இமையாமல் நோக்கி, எந்தச் சக்கரம் எவ்வளவு உள்ளே திரும்பியிருக்கிறது, எது எந்தப் பக்கம் தலை சாய்ந்திருக்கிறது என்று திரையில் எண்களாகச் சொல்லிவிடும். ஒழுங்காக இருந்தால் எண் பச்சை. ஒழுங்கு தப்பினால் சிவப்பு. ஒன்றிரண்டு சிவப்பைக் கண்டும் காணாததுபோல் வண்டியை அனுப்பிவிடும் கலிகாலத்தில், ஒரே ஒரு சிவப்பு மிச்சமிருந்தாலும் கார் இந்தக் குழியைத் தாண்டாது என்று சூளுரைத்து, அதைக் காக்கும் பொருட்டு மதியச் சோற்றை மாலையில் உண்டு உண்டு வயிற்றுப் புண்ணை விழுப்புண்ணாகப் பெற்றவன் அவன்.

இத்தகையோன் வாழ்விலும் பச்சையாகாத எண் ஒன்று இருந்தது. அது அவன் மனைவியின் அண்ணன்.

மைத்துனர் பெருமானின் புகழை யாம் எங்ஙனம் உரைப்போம்! அகன்ற தோளும், அதனினும் அகன்ற குரலும் உடையவர். தாம் வாங்கிய பொருளே உலகில் சிறந்தது, தாம் போன வழியே ஊரில் சுருக்கமானது என்று ஒருநாளும் ஐயுறாதவர். உறவினர் கூடுமிடத்தில் யாரேனும், “ஒங்க மாப்ள என்ன பண்றாரு?” என்று வினவினால், அவர் கொஞ்சமும் தயங்காமல், “காருக்கு அடியில படுத்திருக்காரு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் நம் வீரனுக்கு அது அவ்வளவு வலித்தது. கல்யாணமான நாள்தொட்டு, அந்த ஒரு வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை வரவேண்டும் என்று அவன் ஏங்கினான். வெளியே சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

விதி அவ்வாய்ப்பை ஒரு வியாழக்கிழமை அனுப்பிவைத்தது. அன்று காலை, டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தியபடி அவன் மனையாள் திருவாய் மலர்ந்தாள்:

“என்னங்க, இன்னிக்கு அண்ணன் வண்டியக் கொண்டு வர்றாரு. பாத்துப் பண்ணுங்க. சரியா அமையலேன்னா, ஒங்கள விடுங்க, என்னைத்தான் காலம் பூரா சொல்லிக் காட்டுவாரு.”

“என் கைக்கு வந்த எந்த வண்டியாவது இதுவரைக்கும் கோணலாப் போயிருக்கா?”

“மத்த வண்டில எல்லாம் எங்கண்ணன் இல்லீங்களே.”

அவ்வசரீரியின் பொருள் அப்போது அவனுக்கு விளங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வந்தது வெண்புரவி! பாலொத்த மேனியும், பளிங்கொத்த கண்ணாடியும், பின்னிருக்கையில் என்றோ சிந்திய பிஸ்கட் தூளும் கொண்ட அந்த வெள்ளைக் கார், பட்டறை வாயிலில் புழுதி கிளப்பி நிற்க, அதனின்றும் இறங்கினார் மைத்துனர். வெள்ளைச் சட்டை, கனத்த கடிகாரம், அதனினும் கனத்த மோதிரம். டயர் மாற்றுவோரும், பில் போடும் அம்மையாரும், இவர்கள் எல்லோருக்கும் மேலான சூப்பர்வைசரும் கேட்கும்படி அவர் முழங்கினார்:

“மாப்ள, நான் நேராத்தான் புடிச்சிருக்கேன். இந்த வண்டிதான் இடது பக்கமாவே போகுது. ஊர்ல இருக்குற பட்டறைல எல்லாம் காட்டிட்டேன், ஒருத்தனுக்கும் பிடிபடல. சரி, வீட்டு மாப்ள ஒருத்தர் இருக்காரே, கடைசியா அவர் கையிலயும் குடுத்துப் பாத்துருவோம்னு வந்தேன்.”

“கடைசியா” என்ற சொல் வேலாக வந்து வீரன் நெஞ்சில் தைத்தது. பிடுங்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு அவன் மறுமொழி பகர்ந்தான்:

“மச்சான், நீங்க போயி ஏசி ரூம்ல உக்காருங்க. இந்த வண்டி கோடு போட்ட மாதிரி போகும். இது என் பொறுப்பு.”

கூடியிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சூப்பர்வைசர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதற்கண் காற்றை அளந்தான். நான்கு டயரிலும் நிறைந்திருந்தது. சக்கரங்களைப் பற்றி ஆட்டிப் பார்த்தான், தேய்மானம் இல்லை. கேடயப் பலகைகளைப் பூட்டி, காரை முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, கேமராக்களுக்கு அதை அறிமுகம் செய்துவைத்து, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, அது அசையாதபடி இருக்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு தண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத் திரையை நோக்கினான். பச்சை, பச்சை, பச்சை. அவற்றின் நடுவே, இடது முன்சக்கரத்துக்கு உரிய கட்டத்தில், சிறியதாயினும் செருக்கு மிக்க ஒரு சிவப்பு! சக்கரம் ஒரு நூலளவு உள்ளே திரும்பியிருந்தது. ஆகா, எத்தனை பெரிய நிம்மதி! பகைவன் எங்கே என்று தெரியாமல் தவிப்பதைக் காட்டிலும், இதோ நிற்கிறான் என்று கண்ணால் காண்பது மேலல்லவா? அகமகிழ்ந்து, அவன் குழிக்குள் இறங்கினான்.

அங்கே காத்திருந்தது லாக் நட். சக்கரத்தைத் திருப்பும் தண்டை இறுக்கிப் பிடித்து, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, துருவையே கவசமாகத் தரித்து, தன்னை அசைக்க வல்லோன் இனிப் பிறந்து வந்தால்தான் உண்டு என்று இறுமாந்திருந்த அந்த நட்டின் மீது ஸ்பேனரை ஏற்றி, பல்லைக் கடித்து, குலதெய்வம் முதல் முன்னாள் முதலாளி வரை யாவரையும் உள்ளத்தில் வேண்டியும் வைதும் அவன் இழுக்க, நட் அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கிற்று, முழங்கை குழியின் சுவரில் மோதி முழங்கிற்று. எண்ணெய் தெளித்தான். சற்றே பொறுத்தான். மறுபடி இழுத்தான். ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, தன் உடலின் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டான். கிரீச்சென்று அலறி நட் சரணடைந்தது. அந்த ஒலி கேட்டு, பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர், “விட்டுருச்சா அண்ணே?” என்று நலம் விசாரித்தார்.

தண்டை அரைச் சுற்றுத் திருப்பினான். எண் இறங்கிற்று, பச்சையாயிற்று. மகிழ்ந்து, நட்டை இறுக்கினான். இறுக்கிய வேகத்தில் தண்டும் சேர்ந்து ஒரு மயிரிழை திரும்ப, எண் சிவந்தது. இது இக்குழியில் நாள்தோறும் நிகழும் துரோகம். அதற்கும் அவனிடம் மருந்து உண்டு. இறுக்கும்போது எவ்வளவு போகுமோ அவ்வளவை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ளிவைத்து, மூச்சடக்கி இறுக்கினான். எண் பச்சைக்குள் நழுவி அமர்ந்தது. அமர்ந்த மறுகணம், ஐயகோ, திரையின் எண்கள் எல்லாம் புயலிற்பட்ட கொடிபோல் துடித்து, பச்சையும் சிவப்புமாய் மின்னத் தொடங்கின.

தலைக்கு மேலே கதவு சாத்தும் ஓசை கேட்டது.

“மச்சான், உள்ள ஏறிட்டீங்களா?” என்று பாதாளத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“ஆமா மாப்ள. கண்ணாடிய விட்டுட்டேன், எடுக்க வந்தேன். அப்படியே கொஞ்சம் சாஞ்சிட்டேன். ஏசி ரூம் சேரு இடுப்ப ஒடிக்குது.”

“ஒரு அஞ்சு நிமிஷம் எறங்கிக்கிட்டீங்கன்னா நல்லது. நம்பரு ஆடுது.”

“ஏன், என் பாரம் வண்டிக்கு ஆகாதா? நான் ஏறுறதுக்குத்தானே வண்டியே வாங்குனேன்?”

நியாயமான கேள்விதான். மைத்துனர் பெருமனது பண்ணி இறங்கும்வரை, அவன் குழிக்குள் கைகட்டி நின்றான்.

ஈற்றில் திரை முழுதும் பச்சை பூத்தது. பட்டறைக்குப் பின்னே மதிலோரமாக நீண்டு கிடக்கும் ஆளரவமற்ற சாலையில் அவனே காரை ஓட்டிச் சென்று, வேகம் குறைத்து, ஸ்டியரிங்கின்மேல் படாமல் உள்ளங்கைகளை விரித்துப் பிடித்தான். வெண்புரவி இம்மியும் விலகாமல், பள்ளிப் பிள்ளை அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் ஓடிற்று. திரும்பி வந்து சாவியை இரு கைகளாலும் நீட்டினான். மைத்துனர் ஏறிச் சென்றார். ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரத்தில் திரும்பிவந்தார்.

“இடதுதான் மாப்ள.”

மறுபடி குழி. மறுபடி கேடயங்கள். யாவும் பச்சை. சில வேளை டயரே ஒரு பக்கம் இழுப்பதுண்டு என்பதால், முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினான். தான் ஓட்டினான், நேர். மைத்துனர் ஓட்டினார், இடது. பிரேக் ஏதேனும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைக் கையால் சுழற்றினான். யாவும் காற்றாய்ச் சுழன்றன. தான் ஓட்டினான், நேர். மைத்துனர் ஓட்டினார், இடது. பட்டறையின் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. பில் போடும் அம்மையாரும் கண்ணாடிக் கதவைத் திறந்து வந்து நின்றார்.

“அண்ணே, திரையில பச்சதானே காட்டுது? கையெழுத்தப் போட்டு அனுப்பிச்சிருங்க” என்று சூப்பர்வைசர் செவியோரம் ஓதினார்.

“பச்ச காட்டுது. வண்டி நேராப் போகலியே” என்றான் வீரன்.

இதற்கிடையே மைத்துனர், எவ்வளவு சிறிய செய்தியையும் எட்டுத் திக்கும் கேட்கச் செய்யும் குரலில் தங்கையோடு போனில் உரையாடிக்கொண்டிருந்தார். “இல்லம்மா, அவரக் குத்தம் சொல்லாத. பாவம், வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. ஏதோ தெரிஞ்சதப் பண்றாரு.” ஏளனத்தைத் தாங்கிப் பழகிய நெஞ்சு, இரக்கத்தைத் தாங்க மாட்டாமல் உள்ளுக்குள் நொறுங்கிற்று. அடுத்த நொடி வீரனின் கைப்பேசி அதிர்ந்தது.

“என்னங்க, அண்ணன் ஒங்களப் பாவம்னு சொல்றாரு.”

“கேட்டுச்சு.”

“அவரு வாயில பாவம்னு வந்துருச்சுன்னா நெலம ரொம்ப மோசம்னு அர்த்தம். ஏதாவது பண்ணுங்க.”

கைப்பேசியை வைத்துவிட்டு, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னான்: “மச்சான், இந்தத் தடவ நானும் ஒங்க கூட வர்றேன்.”

இடப்பக்க இருக்கையில் அமர்ந்தான். கார் மதிலோரச் சாலைக்கு வந்தது. அங்கே, இதுகாறும் எந்தக் கேமராவும் காட்டாத காட்சி அவன் கண்முன் விரிந்தது. மைத்துனர் பெருமான் தம் வலது முழங்கையைச் சன்னலின் விளிம்பில் அரியணை ஏற்றினார். இடது கையை, தோளிலிருந்து மோதிரம் வரை, கடிகாரத்தோடும் களைப்போடும், ஸ்டியரிங்கின் இடது ஓரத்தில் அப்படியே தொங்கவிட்டார். பிடிக்கவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போடுவதுபோல் போட்டார். விரல் பட்டாலே திரும்பும் இக்காலத்து ஸ்டியரிங், அப்பெருங்கையின் பாரத்துக்குப் பணிந்து இடப்பக்கம் இறங்க, காரும் எசமான் சொல் தட்டாத வேலையாளாய் மதிலை நோக்கி மெல்ல ஒதுங்கிற்று.

“பாத்தீங்களா, பாத்தீங்களா! இழுக்குதா இல்லியா?”

“மச்சான், ஒரு நிமிஷம் கைய விட்டுப் பாருங்களேன்.”

“எத?”

“ஸ்டியரிங்க.”

“நல்லா சொன்னீங்க போங்க! லைசன்ஸ் எடுத்த நாள்லருந்து நான் ஸ்டியரிங்க விட்டதே கெடையாது.”

“சரி, ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாருங்க.”

“ரெண்டு கையால புடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி மாப்ள.”

வாசகரே, வீரனின் நாநுனி வரை ஒரு வாக்கியம் வந்தது. “வண்டி இழுக்கல மச்சான், நீங்கதான் இழுக்கறீங்க.” உண்மையான வாக்கியம். இலக்கணமும் பிழையில்லை. ஆனால் அதை வெளியே விட்டால் நாளை முதல் எந்தக் கூடத்தில் எந்தக் குரல் என்ன சொல்லும் என்பதும் அவனுக்கு அப்போதே கேட்டது: “மாப்ளைக்கு வண்டியச் சரி பண்ணத் தெரியல. எனக்கு ஓட்டத் தெரியலேங்குறாரு!” சிரிப்பு எழும். அச்சிரிப்பின் நடுவே தன் மனைவி எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்பாள். வாக்கியத்தை விழுங்கினான். அது சுலபத்தில் இறங்கவில்லை.

“புரிஞ்சிருச்சு மச்சான். திருப்புங்க வண்டிய. அரை மணி நேரம் குடுங்க.”

அந்தோ, இனி உரைப்பதை எம் நா உரைக்கக் கூசுகிறது! சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் வெளியே சாய்கிறதோ, அந்தப் பக்கமாகக் கார் ஒதுங்கும் என்பது இக்கலையின் அரிச்சுவடி. கோணலைக் கருவறுக்கவே பிறந்த அக்கோமகன், நேராக நின்ற வலது முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்து, சக்கரத்தின் தலையைத் தன் கையாலேயே வெளியே சாய்த்தான். எண் ஏறிற்று. சிவப்பை நோக்கி ஏறி, எல்லையில் நின்றது. பச்சையை ஒரு வயல் என்று கொண்டால், அவன் வரப்பின்மேல் நின்றான். ஆனாலும் பச்சை பச்சைதான்! விரதம் கெடவில்லை, திரை குற்றம் சொல்லவில்லை, சட்டப்படி அவன்மேல் யாரும் ஒரு விரல் நீட்ட முடியாது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் துணியால் துடைப்பவன்போல் சற்று நேரம் மூடிக்கொண்டான்.

சோதனைக்குப் புறப்பட்டான். வலது முழங்கையைச் சன்னலில் ஏற்றி, இடது கையில் மைத்துனரின் மோதிரத்துக்கும் கடிகாரத்துக்கும் ஈடாக ஒரு பெரிய ஸ்பேனரைப் பிடித்து, அக்கையை ஸ்டியரிங்கின் ஓரத்தில் தொங்கவிட்டு, உடம்பு தன்னுடையதாயினும் தோரணை முழுவதும் மச்சானுடையதாக ஓட்டிச் சென்றான். வெண்புரவி நேராக ஓடிற்று. மதில் மதிலின் இடத்திலும், கார் காரின் இடத்திலும் இருந்தன. ஒரு மனிதனின் கோணலுக்கு அளவெடுத்துத் தைத்த காரை உலகில் முதன்முதலாக ஓட்டிய பெருமிதத்தோடும், அதை யாரிடமும் சொல்ல முடியாத துக்கத்தோடும் திரும்பிவந்து சாவியை நீட்டினான்.

மைத்துனர் சென்றார். பட்டறை மூச்சடக்கி நின்றது. டயர் மாற்றுவோர் கையில் டயரோடு நின்றனர். தேநீர் குடிக்கும் நேரம் கழிந்தது. தேநீர் ஆறும் நேரமும் கழிந்தது. பிறகு, சாலைமுனையில் ஹாரன் ஒலி எழுந்தது. வெற்றி முரசம்போல் அடித்துக்கொண்டே வந்தார்.

இறங்கினார். கதவைச் சாத்தினார்.

“மாப்ள!” என்றார். வெள்ளைச் சட்டையையும் மறந்து, கிரீஸ் படிந்த அம்மார்பைக் கட்டித் தழுவினார். “கைராசிக்காரன்யா நீ! ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருக்கே! இம்மாம் பெரிய ஆள வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு நான் கண்ட கண்ட எடத்துல அலைஞ்சிருக்கேன் பாரேன்!”

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தார். தம்பிக்குச் செய்தார். சித்தப்பாவுக்குச் செய்தார். எல்லோரிடமும் ஒன்றையே முழங்கினார்: “நம்ம மாப்ள இருக்காரே, அவரு சாதாரண ஆளில்ல.” பச்சையண்ணன் துணியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். கண் கலங்கிவிட்டது. எண்ணெய் பட்டுவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தான்.

அன்று மாலை வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் முகத்தை அவன் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்து வெகுநாளாயிற்று.

“அண்ணன் மூணு தடவ போன் பண்ணிட்டாரு. ஒங்களப் பத்தியே பேச்சு. அப்படி என்னதாங்க பண்ணீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல. கொஞ்சம் வளைஞ்சு குடுக்க வேண்டியிருந்துச்சு.”

“வளைஞ்சு குடுத்தா நேரா வந்துருமா?”

“வந்துருச்சே” என்றான். செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்துவைத்தான்.

இவ்வாறு, நட்டை வென்று, டயரை வென்று, தன் நாவையும் வென்று, ஈற்றில் தன் மனச்சான்றையும் ஒரு மயிரிழை சாய்த்து வென்ற அப்பெருமகன், உற்றார் வாழ்த்த, உரியவள் உவக்க, சித்தப்பாவும் போனில் சிலாகிக்க, தன் வாழ்வின் எல்லா எண்களும் பச்சையென ஒளிரக் கண்டு, நாற்றிசையும் தன் பெயர் நிலைத்துவிட்டதெனத் தேறி, அன்றிரவு ஆழ்ந்து உறங்கினான்.

மறுநாள் காலை மச்சானின் மனைவி அந்தக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்; வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்று போன் வந்தது.